அன்றாட மறதி: காரணங்களும் கவனிக்க வேண்டியவையும்

கதவைப் பூட்டினோமா என்ற ஐயத்துடன் பாதி வழியில் திரும்புவதும், எதையோ எடுக்க வந்து எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பதும் எல்லா வயதினருக்கும் நேர்பவை. இவற்றுள் பெரும்பாலானவை நோயின் அறிகுறிகள் அல்ல. எனினும், மாத்திரை உட்கொண்டோமா என்பதை மறப்பது உடல்நலத்திற்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்.

மறதி ஏன் ஏற்படுகிறது?

• கவனமின்மை: கவனம் இருந்தால்தான் நினைவு உருவாகும். கதவைப் பூட்டும்போது மனம் பேருந்து நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தால், அச்செயல் மூளையில் சரியாகப் பதிவதில்லை. பதியாத ஒன்றைப் பின்னர் நினைவுகூர இயலாது.

• பழக்கம்: நாள்தோறும் ஒரே விதமாகச் செய்யும் செயல்களில் நேற்றைய நினைவும் இன்றைய நினைவும் கலந்துவிடும். மாத்திரை குறித்த ஐயம் எழுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

• இடமாற்றம்: ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும்போது மறதி கூடக்கூடும் என்பதை 2011இல் அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

• உறக்கக் குறைவு: பகலில் கற்றவை உறக்கத்தின்போது மூளையில் நிலைபெறுகின்றன. கீரமங்கலம் பகுதியில் பூப்பறிக்க விடியுமுன் எழுவோர், முன்னிரவிலேயே உறங்கச் செல்வது நல்லது.

சரிசெய்யக்கூடிய காரணங்கள்

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, மதுப்பழக்கம், தூக்க மாத்திரைகள், காது கேளாமை ஆகியவையும் மறதியை உண்டாக்கலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்குப் பி12 குறையக்கூடும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக் கொள்ளவும்.

மாத்திரையை மறவாதிருக்க

• 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெறும் மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து வைக்கவும். அன்றைய பகுதி காலியாக இருந்தால் உட்கொண்டாயிற்று என்று அறியலாம்.
• காலை உணவு போன்ற ஒரு நிலையான செயலோடு மாத்திரையை இணைத்துக் கொள்ளவும்.
• உட்கொண்டோமா என்ற ஐயம் இருந்தால் மறுமுறை உட்கொள்ள வேண்டாம். நீரிழிவு மாத்திரை அல்லது இன்சுலின் இருமுறை செலுத்தப்பட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குக் குறையலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு உடனே சர்க்கரைக் கரைசல் கொடுத்து, 108ஐ அழைக்கவும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

சாவியை வைத்த இடத்தை மறப்பது இயல்பு. சாவி எதற்கென்பதையே மறப்பது இயல்பன்று. பின்வருவன காணப்பட்டால் பரிசோதனை தேவை:

• ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல்
• பழகிய ஊரில் வழி தவறுதல்
• சில்லறை எண்ணுவதில், வழக்கமான சமையலில் தடுமாற்றம்
• குணத்தில் மாற்றம்

இவற்றை 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கிவிட வேண்டாம். மறதிநோய் முதுமையின் இயல்பான பகுதியன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. பாதிக்கப்பட்டவர் தம் மறதியை உணராமல் இருக்கலாம். ஆகவே குடும்பத்தினர் உடன் வந்து விவரங்களைக் கூறுவது உதவும்.

திடீர்க் குழப்பம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் செயலிழத்தல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். தாமதமின்றி 108ஐ அழைக்கவும்.

பிற ஐயங்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைத் தொடர்பு கொள்ளலாம்.