உண்ணிகொத்திப் பறவை திரும்பி வந்த கதை

வயல்வெளியிலே மேயும் மாட்டின் பின்னே நடந்து செல்லும் உண்ணிக்கொக்கையும், அதன் முதுகில் ஏறி அமரும் மைனாவையும் நம் நாட்டுச் சிறுவரும் அறிவர். ஆபிரிக்காவின் சவன்னாப் புல்வெளிகளிலே இந்த மைனாவுக்கு உறவான பறவையொன்று உண்டு. தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அது விலங்குகளின் உடலிலேயே கழிக்கிறது. காட்டெருமை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றின் தோலைப் பற்றிக்கொண்டு, அங்குள்ள உண்ணிகளைக் கொத்தி உண்பதே அதன் தொழில். சில வேளைகளில் புண்ணைக் கிளறிக் குருதியையும் அருந்தும். இதனை உண்ணிகொத்தி எனலாம். இதில் செவ்வலகு உடையது ஓரினம். மஞ்சள் அலகு உடையது மற்றோரினம். மஞ்சள் அலகுடையது தென்னாபிரிக்காவிலிருந்து அழிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் மீண்ட வரலாறு, வனவிலங்குக் காவலைப் பற்றிச் சிந்திப்போர் யாவரும் அறியத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய் ஆபிரிக்காவின் வடகிழக்கிலே தோன்றித் தெற்கு நோக்கிப் பரவியது. 1896 ஆம் ஆண்டிலே அது சம்பேசி நதியைக் கடந்தது. நோய் தாக்கிய இடங்களில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாடுகள் மாண்டன. மாட்டையே செல்வமாகக் கொண்டிருந்த குடிகள் பட்டினியில் வீழ்ந்தனர். காட்டெருமைக் கூட்டங்களும் நோய்க்கு இரையாயின. காண்டாமிருகங்களையோ வேட்டைக்காரரின் துப்பாக்கி முன்னரே அழித்திருந்தது. பெருவிலங்குகளையே பெரிதும் நாடி வாழ்ந்த மஞ்சள் அலகுப் பறவைக்கு அமர முதுகில்லை, உண்ண உண்ணியில்லை.

எஞ்சியவற்றுக்கும் வேறொரு கேடு வந்தது. மாண்ட மாடுகளுக்கு ஈடாகக் கிழக்காபிரிக்காவிலிருந்து மாடுகள் கொண்டுவரப்பட்டபோது, உண்ணியினாற் பரவும் கிழக்குக் கரைக் காய்ச்சலும் உடன் வந்தது. 1902 ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்காவிலும் அது தலைகாட்டியது. அதனைத் தடுக்கும் பொருட்டுப் பாஷாணம் கலந்த நீர்த்தொட்டிகளிலே மாடுகளை இறக்கி நனைத்தெடுக்கும் வழக்கம் நாடெங்கும் கட்டாயமாயிற்று. மாட்டைக் காக்க எழுந்த முயற்சியை எவரும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நஞ்சூறிய உண்ணியை உண்ட பறவை மடிந்தது; நஞ்சுக்கு எட்டாத பறவை உணவின்றி மெலிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளுக்குள் மஞ்சள் அலகு உண்ணிகொத்தி தென்னாபிரிக்காவிலிருந்து மறைந்தது.

இதே காலத்திலேதான் காவற்காடும் பிறந்தது. 1898 ஆம் ஆண்டில், அதிபர் போல் குரூகரின் அரசு சாபி நதிக்கரையை ஒட்டிய நிலத்தைக் காவற்பகுதியாக அறிவித்தது. போயர் யுத்தம் முடிந்தபின், 1902 இல் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹமில்டன் அதன் காவலராக அமர்ந்தார். அங்கு வாழ்ந்த ஆபிரிக்கக் குடிகளை அவர் வெளியேற்றினமையால், துடைத்தெறிபவர் எனப் பொருள்படும் 'ஸ்குகூசா' என்ற பெயரை அம்மக்கள் அவருக்கு இட்டனர். 1926 ஆம் ஆண்டிலே அப்பகுதி குரூகர் தேசிய வனமாக விரிவடைந்தது. வடக்கெல்லையில் வாழ்ந்த மக்குலேக்கே மக்கள் 1969 இல் தம் நிலத்தினின்றும் அகற்றப்பட்டனர்; நிற ஒதுக்கல் ஆட்சி ஒழிந்த பின்னர், 1998 இலேயே அந்நிலம் அவர்களுக்கு மீண்டது. விலங்குக்கு அளித்த புகலிடத்தின் விலையை மனிதர் சிலர் செலுத்தினர் என்பதை வரலாறு மறைத்தல் தகாது.

காவலின் பயனாகக் காட்டெருமைகள் மெல்லப் பெருகிப் பல்லாயிரமாயின. 1961 ஆம் ஆண்டு முதல் நேற்றாலிலிருந்து வெள்ளைக் காண்டாமிருகங்கள் கொண்டுவந்து விடப்பட்டன. ஆயினும் பறவை வரவில்லை. வீடு ஆயத்தமாயிற்று, விருந்தினர் வரும் வழியெல்லாம் நஞ்சாக இருந்தது. காலப்போக்கிற் பாஷாணத் தொட்டிகள் வழக்கொழிந்தன. பறவைக்குத் தீங்கு குறைந்த மருந்துகளும் பின்னர்த் தோன்றின. 1979 ஆம் ஆண்டிலே, வனத்தின் வடபகுதியில் மஞ்சள் அலகு உண்ணிகொத்திகள் மீண்டும் காணப்பட்டன. அவற்றை எவரும் கூண்டிலே கொண்டுவரவில்லை. இன்றைய சிம்பாப்வேயின் பக்கமிருந்து அவை தாமாகவே பறந்து வந்தன என்பர். பின்னர் அவை அங்கேயே கூடுகட்டிப் பெருகின. பறவைகளைப் பிடித்து வேறிடங்களிற் கொண்டுபோய்க் குடியேற்றும் பணியும் தொடர்ந்தது. நஞ்சற்ற மருந்தையே பயன்படுத்த உடன்பட்ட பண்ணையாளரின் ஒத்துழைப்பு இதற்கு இன்றியமையாததாயிற்று.

இப்பறவையால் விளையும் நன்மை உண்ணியை ஒழிப்பதோடு நின்றுவிடுவதில்லை. சுவாகிலி மொழியிலே இதற்குக் 'காண்டாமிருகத்தின் காவலன்' என்று பெயர். கண்பார்வை குன்றிய கருங்காண்டாமிருகம், முதுகிலுள்ள பறவையின் எச்சரிக்கைக் குரல் கேட்டு மனிதரின் வரவை உணர்கிறது என்று 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்ததை ஆய்வாளர் அளந்து உறுதிசெய்தனர் எனலாம்.

உலகை உலுக்கிய ரிண்டர்பெஸ்ட் நோய் முற்றாக ஒழிந்ததென 2011 ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. அந்நோய் விளைத்த அழிவுகளில் ஒன்றேனும் சீர்பெற்றது ஆறுதலே. ஆனால் அதனைச் சீராக்கியது வேலி மட்டுமன்று. காட்டினுள்ளே காவலர் செய்த பணி பாதி. காட்டின் வெளியே மாட்டுத்தொட்டியில் ஊற்றும் மருந்தை மாற்றிய உழவரின் பணி மறுபாதி. சிறகுடைய உயிருக்கு எல்லைக்கல் தெரியாது. அதனைக் காக்க விரும்புவோர் எல்லைக்கல்லுக்கு அப்பாலும் நோக்குதல் வேண்டும்.