பங்குப் பதிவேடும் குடிக்கணக்கும்: இங்கிலாந்தில் முன்னோரைத் தேடும் வழி

இங்கிலாந்தில் ஒருவர் தம் பாட்டன், பூட்டனுக்கு அப்பாலும் குடிவழியைத் தேடிச் செல்ல இரண்டு ஆவணத் தொகுதிகள் பெரிதும் உதவுகின்றன. ஒன்று, ஊர்க் கோயில்களில் 1538 முதல் எழுதப்பட்டுவரும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள். இவை பங்குப் பதிவேடுகள் எனப்படும். மற்றது, 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிக்கணக்கு. இதில் 1841 முதல் 1921 வரையிலான கணக்குகளை வீடுவாரியாகப் பெயருடன் படிக்கலாம். பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயிலையும் அதைச் சார்ந்த ஊரையும் குறிக்கும். இங்கிலாந்தில் வறியோர் நிவாரணமும் சாலைப் பராமரிப்பும்கூடப் பங்கின் பொறுப்பாகவே இருந்தன.

இந்த ஏடுகளில் எதுவும் பேரப்பிள்ளைகள் படிப்பதற்காக எழுதப்பட்டதன்று. வாரிசுரிமை, வரி, நிவாரணச் செலவு, ஆள்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் தெரிந்தால்தான் ஏட்டில் எது இருக்கும், எது விடுபட்டிருக்கும் என்று கணிக்க முடியும்.

தோற்றம்

ஐரோப்பாவில் கோயில் பதிவுகள் 14ஆம் நூற்றாண்டிலேயே தென்படுகின்றன. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள ஷீவ்ரி என்ற ஊரின் ஏடு 1334இல் தொடங்குகிறது. 1348ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோய்ச் சாவுகள் அதில் வரிசையாகப் பதிவாகியுள்ளன. இங்கிலாந்தில் இது நாடு முழுவதற்குமான கடமையானது 1538 செப்டம்பரில். எட்டாம் ஹென்றி அரசர் ரோமத் திருச்சபையிலிருந்து பிரிந்தபின், அவருடைய அமைச்சர் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணை இதற்கு அடிப்படை. ஒவ்வொரு பங்கிலும் ஓர் ஏடு வைக்க வேண்டும். அந்த வாரத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஞாயிறுதோறும் ஆலய நிர்வாகி முன்னிலையில் குரு எழுத வேண்டும். இரண்டு பூட்டுள்ள பெட்டியில் ஏட்டை வைத்து, ஒரு சாவியைக் குருவும் மற்றதை நிர்வாகிகளும் வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம். அந்தப் பணம் கோயில் பழுதுபார்க்கும் செலவுக்குப் போகும்.

மக்கள் இதைச் சந்தேகத்துடனேயே பார்த்தார்கள். பிள்ளை பிறந்தால் ஒரு வரி, கல்யாணத்துக்கு ஒரு வரி, சாவுக்கு ஒரு வரி என்று வசூலிக்கத்தான் கணக்கு எழுதுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்த அச்சம் மெய்யானது.

தொடக்ககால ஏடுகள் பல மட்டமான காகிதத்தில் எழுதப்பட்டவை. ஈரமும் எலியும் அவற்றில் பலவற்றைத் தின்றன. 1598இல் புதிய விதி வந்தது. இனி தோல் ஏட்டில் எழுத வேண்டும். பழைய காகித ஏடுகளை, குறிப்பாக முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதல் உள்ளவற்றை, அதில் படியெடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும். 1538ஐ விட 1558இல் தொடங்கும் ஏடுகள் மிகுதியாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். ‘குறிப்பாக’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, முந்தைய இருபது ஆண்டுகளைப் படியெடுக்காமல் விட்ட குருமார் பலர். ஊரில் மூல ஏடு அழிந்திருந்தால், பேராயருக்குப் போன நகல் இன்று கைகொடுக்கிறது.

ஒரு வரியின் எல்லை

ஸ்ட்ராட்ஃபர்ட் ஊர்த் திரித்துவக் கோயில் ஏட்டில் 1564 ஏப்ரல் 26 என்ற நாளுக்கு எதிரே, ஜானின் மகன் குலியெல்முஸ் என்று இலத்தீனில் ஒரு வரி இருக்கிறது. வில்லியம் ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானப் பதிவு அதுதான். வில்லியம் என்ற பெயர் இலத்தீனில் குலியெல்முஸ் ஆகும். ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆவார். அந்த வரியில் தாயின் பெயர் இல்லை. பிறந்த நாளும் இல்லை. ஏப்ரல் 23 என்று உலகம் கொண்டாடுவது ஒரு கணிப்பே. பிறந்த சில நாளில் ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணியதன் விளைவு அது. நாம் இன்று காணும் பக்கமும் மூலமன்று. புதிய விதிக்குப்பின், 1600ஐ ஒட்டித் தோல் ஏட்டில் எடுத்த படி. அதே ஏட்டில், குழந்தை பெயர் பெற்ற மூன்றாம் மாதமான ஜூலையில், ஓர் அடக்கப் பதிவின் அருகே கொள்ளைநோய் இங்கே தொடங்கியது என்ற குறிப்பு காணப்படுகிறது.

முன்னோரைத் தேடுவோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இத்தகைய ஒற்றை வரிதான். ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் எந்த ஜான் நம்முடையவர் என்று அந்த வரி சொல்லாது. முதல் குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு இடும் வழக்கமும் இருந்தது. அடக்கப் பதிவைப் பார்க்காமல் விட்டால், மூன்று வயதில் இறந்த குழந்தையைத் தம் பாட்டனாக எண்ணிவிட நேரும்.

இடைவெளிகளும் வரிகளும்

1642இல் தொடங்கிய உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல குருமார் விரட்டப்பட்டனர்; ஏடுகள் மறைத்து வைக்கப்பட்டன, சில எழுதப்படவே இல்லை. 1653இல் முடியாட்சியற்ற அரசு இந்தப் பொறுப்பைக் குருவிடமிருந்து எடுத்து, ஊரார் தேர்ந்தெடுத்த பதிவாளரிடம் கொடுத்தது. 1660இல் அரசர் திரும்பியதும் அந்த ஏற்பாடு மறைந்தது. ஏறத்தாழ அந்த இருபது ஆண்டுகளில் அறுந்துபோன குடிவழிகள் ஏராளம்.

பிணத்தைக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்று 1660களிலும் 1678இலும் சட்டங்கள் வந்தன. கம்பளித் தொழிலைக் காப்பதே நோக்கம். அடக்கப் பதிவின் பக்கத்தில் இதற்கான உறுதிமொழி பெற்ற குறிப்பைக் காணலாம். 1690களில் பிறப்பு, திருமணம், அடக்கம் மூன்றுக்கும் உண்மையிலேயே வரி வந்தது. போர்ச் செலவுக்காகப் போட்டது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் தீர்வை விதிக்கப்பட்டது. வறியவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஆண்டுகளில் பெயரருகே வறியவர் என்ற குறி திடீரெனப் பெருகுவதும், தீர்வை நீங்கியதும் பெரிய பிள்ளைகளையும் சேர்த்து ஒரே நாளில் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவருவதும் இதனால்தான்.

வறுமைக்கும் ஆவணத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிவாரணம் கேட்பவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவரோ அந்தப் பங்குதான் செலவை ஏற்க வேண்டும். ஆகவே வேற்றூரிலிருந்து வந்த ஏழையை நீதிபதி முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எப்போது மணம் முடித்தாய் என்று கேட்டு எழுதினார்கள். அவரை ஊரை விட்டு அனுப்புவதற்காக எழுதிய அந்த விசாரணைத் தாள், சிலருக்கு முழு வாழ்க்கை வரலாறாகவே கிடைத்திருக்கிறது.

நாள்களைப் படிக்கும்போதும் கவனம் தேவை. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று ஏட்டில் இருப்பது நம் கணக்கில் 1721 பிப்ரவரி. டிசம்பரில் கல்யாணம், அதே ஆண்டு பிப்ரவரியில் பிள்ளை என்று தென்பட்டால், பிள்ளை பிறந்தது கல்யாணத்துக்குப் பின்தான்.

அச்சுப் படிவங்கள்

ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம் 1754 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மறைவில் நடக்கும் திருமணங்களைத் தடுப்பது அதன் நோக்கம். குவேக்கர் சபையினரும் யூதர்களும் நீங்கலாக மற்ற அனைவரும் அரசுத் திருச்சபைக் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தோ உரிமம் பெற்றோதான் மணக்க முடியும் என்றானது. மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். தெரியாதவர் பெருக்கல் குறி போடலாம். முன்னோரின் கைப்பட்ட மை முதன்முதலாகப் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். சாட்சிகளின் பெயரில் அண்ணன், தங்கை யாரேனும் ஒளிந்திருப்பதும் உண்டு. 1813 முதல் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சிட்ட படிவம் வந்தது. ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும், அடக்கப் பதிவில் இறந்தவரின் வயதும் இடம்பெற்றன.

1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவை அரசே ஏற்றது. ஸ்காட்லாந்தில் 1855இலும் அயர்லாந்தில் 1864இலும் இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் முன்னோரைத் தேடுவோர் அரசுச் சான்றிதழிலிருந்து தொடங்கிக் கோயில் ஏட்டுக்குப் போவது வழக்கமாயிற்று.

குடிக்கணக்கு

முதல் குடிக்கணக்கு 1801 மார்ச் 10 அன்று ஜான் ரிக்மன் பொறுப்பில் நடந்தது. பிரான்சுடன் போர் நடந்த காலம், உணவுக்கும் தட்டுப்பாடு. எத்தனை வாய், எத்தனை கை என்று அரசு அறிய விரும்பியது. பெயர்கள் கேட்கப்படவில்லை. கடந்த நூற்றாண்டின் ஞானஸ்நான, அடக்க எண்ணிக்கைகளைத் தம் ஏடுகளைப் பார்த்துத் தருமாறு குருமாரையும் ரிக்மன் கேட்டார். கோயில் ஏடு குடிக்கணக்குக்கு மூலமானது அப்போதுதான்.

1841இல் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. பென்சிலால் எழுதியதால் பல பக்கங்கள் மங்கிவிட்டன. பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுத வேண்டும் என்பது விதி. 39 வயதுக்காரர் ஏட்டில் 35 ஆனார். 1851இல்தான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா, சரியான வயது என்ன, பிறந்த பங்கு எது என்ற கேள்விகள் வந்தன. பிறந்த பங்கின் பெயர் கிடைத்துவிட்டால் எந்தக் கோயில் ஏட்டைத் திறப்பது என்ற திகைப்பு தீர்ந்தது.

எழுத்துப் பிழை இந்த ஏடுகளுடன் கூடப் பிறந்தது. 1851 கணக்கில், லண்டன் சோஹோவின் டீன் தெருவில் குடியிருந்த கார்ல் மார்க்ஸ் ‘சார்லஸ் மார்க்’ ஆகியிருக்கிறார். எழுத்தறியாதவர் வாயால் சொன்னதைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதினார். பெயரை எப்படி எழுதினார்கள் என்பதைவிட எப்படி ஒலித்தார்கள் என்று யோசிப்பவரே தேடலில் வெல்கிறார்.

1911ஆம் ஆண்டுக்குக் குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய தாள்களே கிடைக்கின்றன. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிருடன் உள்ளவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று மணமான பெண்களைப் பற்றி அதில் கேட்டார்கள். விதவைகளும் அதை நிரப்பிவிட, அலுவலகத்தில் அந்த எண்களைக் கோடிட்டு அடித்தார்கள். கோட்டுக்கு அடியில் எண்கள் இன்றும் தெரிகின்றன. அதே கணக்கைப் பெண் வாக்குரிமைப் போராளிகள் பலர் புறக்கணித்தனர். அவர்களில் ஒருவரான எமிலி வைல்டிங் டேவிசன் கணக்கெடுப்பு இரவில் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ஒரு சிறு அறையில் ஒளிந்திருந்தார்.

அழிவுகள்

தனிப்பட்ட விவரங்கள் நூறு ஆண்டு மூடிவைக்கப்படுவதால், 1921 கணக்கு 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அடுத்தது திறக்க 2052 வரை காத்திருக்க வேண்டும். ஏனெனில் 1931 தாள்கள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் நகரில் தீக்கிரையாயின. போரினால் 1941இல் கணக்கு எடுக்கப்படவில்லை. போர் தொடங்கியதும் அடையாள அட்டைக்காக 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவே அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது.

அயர்லாந்தின் இழப்பு இன்னும் பெரிது. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் நீதிமன்ற வளாகம் வெடித்து எரிந்தபோது, அங்கிருந்த பொது ஆவணக்காப்பகமும் அழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குகளின் பெரும்பகுதியும், பாதுகாப்புக்காக அங்கே ஒப்படைத்திருந்த அயர்லாந்துத் திருச்சபை ஏடுகள் பலவும் போயின. அனுப்பாமல் ஊரிலேயே வைத்துக்கொண்ட குருமாரின் ஏடுகள் பிழைத்தன. 1881, 1891 கணக்குகளை அதற்கு முன்பே, முதல் உலகப் போர்க் காலத்தில், அரசே கூழாக்கிவிட்டது.

படியெடுப்பும் ஆய்வும்

இங்கிலாந்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட ஏடுகளைக் கோயில்கள் மாவட்ட ஆவணக்காப்பகங்களில் ஒப்படைக்க 1978இல் திருச்சபை விதி வகுத்தது. உலகளவில் படியெடுத்ததில் மோர்மன் சபையினர் முன்னோடிகள். இறந்த முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பெயர்கள் வேண்டும். 1938 முதல் நுண்படம் எடுத்து, சுமார் 24 லட்சம் சுருள்களை யூட்டா மாநிலத்தில் கருங்கல் மலையைக் குடைந்த பெட்டகத்தில் சேர்த்தார்கள். அவற்றை மின்னுருவாக்கும் பணி 2021இல் முடிந்தது. ஆய்வுக்கும் இந்த ஏடுகள் பயன்பட்டன. வரலாற்றாய்வாளர்கள் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 பங்குகளின் ஏடுகளிலிருந்து எடுத்த எண்ணிக்கைகளைக் கொண்டு, 1541 முதல் இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை 1981இல் நூலாக வெளியிட்டனர்.

தமிழகத் தொடர்பு

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் மேரி ஆலயம் 1680இல் திறக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேடு அதே ஆண்டு நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் எலிஹு யேலின் திருமணத்துடன் தொடங்குகிறது. 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் அங்கே பதிவானது. 1698 முதல் சென்னை மாகாணக் கோயில் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குச் சென்றன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இலங்கையில் டச்சுக்காரர் எழுதிய தோம்புகள் நிலத்தையும் குடும்பத்தையும் சேர்த்துப் பதிந்தவை.

இந்தியக் குடிக்கணக்கு 1881 முதல் 2011 வரை பத்தாண்டு தவறாமல் எடுக்கப்பட்டாலும், வீட்டுத் தாள்கள் எண்ணி முடித்ததும் கழிக்கப்பட்டன; தொகைகளே எஞ்சின. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் நிலை வேறு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் முதலாக, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் சென்றவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவை கப்பல் பட்டியலில் ஏறின. ஓடிப்போனால் பிடிப்பதற்காகத் தழும்பு போன்ற உடல் அடையாளமும் எழுதப்பட்டது. டர்பனில் வாழும் கொள்ளுப்பேத்தி இன்று அந்தத் தழும்பைக் கொண்டு தன் முன்னோரை அடையாளம் காண்கிறாள். ஊரிலேயே தங்கிவிட்ட அந்த முன்னோரின் அண்ணனோ, மாவட்டத் தொகையில் ஓர் எண் மட்டுமே.