குசானோ: ஒரு புழுவின் வரலாறு

ஸ்பானிய மொழியில் ‘குசானோ’ எண்டால் புழு. பழத்துக்குள்ள நெளியிறதும் குசானோதான், பட்டுப்புழுவும் குசானோதான். ஆனால் கியூபாவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கதை இருக்கிறது.

1959இல் பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. அதை எதிர்த்தவர்களையும் நாட்டை விட்டுப் போனவர்களையும் அரசு ‘குசானோ’ என்றது. முதலில் போனவர்களில் சர்வாதிகாரி பட்டிஸ்டாவின் ஆட்கள் இருந்தார்கள், உண்மைதான். பிறகு வாத்தியார், தொழிலாளி, சின்னக் கடைக்காரர் எண்டு பலரும் போனார்கள். சொல் மட்டும் மாறவில்லை. வதை செய்த பொலிஸ்காரனும் பக்கத்து வீட்டு வாத்தியாரும் ஒரே புழு. புழுவிட்ட ‘ஏன் போறாய்?’ எண்டு ஆர் கேக்கப்போகினம்?

1979இல், போனவர்கள் வந்து உறவுகளைப் பார்க்க அரசு இடம் கொடுத்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் டொலரோடும் பரிசுகளோடும் வந்து இறங்கினார்கள். புழுவெல்லாம் வண்ணத்துப்பூச்சியாகிவிட்டது எண்டு சனம் பகிடி விட்டது.

அந்தப் பகிடி கனகாலம் நிலைக்கவில்லை. 1980இல் மரியேல் துறைமுகத்தால் சுமார் 125,000 பேர் வெளியேறினார்கள். போக இருந்தவர்களின் வீட்டு வாசலில் கூட்டம் கூடி முட்டை எறிந்தது. கத்தியது பழைய சொல்லைத்தான்: குசானோ!

எறிந்தவர்களில் அயலட்டைச் சனமும் இருந்தது. தெரிந்த மனிசருக்கு முட்டை எறிய வெட்கமாக இருக்கும். புழுவுக்கு எறிய என்ன வெட்கம்? அந்தச் சொல் செய்த வேலை அதுதான்.