செயலிசார் செயற்கூற்றுப் பண்புகள்

சி மொழியில் எழுதப்பட்ட ஒரு செயற்கூற்றைக் குறிப்பிட்டதொரு செயலியின் இயல்புக்கேற்ப எவ்வாறு எந்திரமொழியாக்க வேண்டும் என்று நிரலாளர் கம்பைலருக்கு விதிக்கும் விசேஷக் குறிப்புகள் செயலிசார் பண்புகள் எனப்படும். ஜிசிசி கம்பைலரின் கைநூல், பொதுப் பண்புகளை முதலில் விவரித்து, பின்னர் ஏவிஆர், ரிஸ்க்-வி, எக்ஸ்86 எனச் செயலிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு வகுத்துள்ளது. பெயர் ஒன்றாயினும் நிபந்தனைகள் செயலிதோறும் பேதப்படுவதே இதற்குக் காரணம்.

உதாரணமாக, 'இன்டரப்ட்' (குறுக்கீடு) என்னும் பண்பு பெற்ற செயற்கூறு, எக்ஸ்86-இல் ஒரு சுட்டியை அவசியம் ஏற்க வேண்டும். ரிஸ்க்-வியிலோ அது எந்த மதிப்பையும் ஏற்கலாகாது. மெஷின், சூப்பர்வைசர் முதலிய அதிகார நிலைகளுள் ஒன்றை அங்கே அடைப்புக்குறிக்குள் குறிக்கலாம். குறிக்காவிடில் மெஷின் நிலையே கொள்ளப்பட்டு, சாதாரணமாக வரும் 'ரெட்' கட்டளைக்குப் பதிலாக 'எம்ரெட்' இறுதியில் இடம்பெறும். 'நேக்கட்' என்னும் பண்போ, பதிவகங்களைச் சேமித்து மீட்கும் தொடக்க, முடிவுக் கட்டளைகளைக் கம்பைலர் சேர்க்காதவாறு தடுத்து, அப்பொறுப்பு முழுவதையும் அசெம்பிளி எழுதுவோரிடமே விட்டுவிடுகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலிகளும், அவ்வழியில் திருவனந்தபுரத்து இஸ்ரோ நிலையத்தின் கூட்டுறவால் உருவாகி 2025-இல் அறிவிக்கப்பட்ட 'ஐரிஸ்' சிப்பும் ரிஸ்க்-வி மரபினவாதலால், அவற்றுக்குக் குறுக்கீட்டு நிரல் எழுதுவோர்க்குப் பிரமாணமாவது அக்கைநூலின் ரிஸ்க்-வி பிரிவேயாகும்.