ஆயத்த மனை: பேரிடருக்குப் பின்வரும் இடைக்கால வீடுகளும் தாம்பரம்–பொத்தேரி நிலப்பகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

பேரிடரில் வீடிழந்தவர்களுக்கு விரைந்து எழுப்பும் தற்காலிக வீடுகளைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் சுவர், கூரை, மடக்கும் முறை என்று கட்டுமானத்தையே சுற்றி வருகிறது. சென்னையின் தென்புறநகரில் தாமதம் நேர்வது கூரையால் அன்று, மனையால்தான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. வெள்ளத்துக்கு முன்பே நிலத்தை ஆயத்தப்படுத்துதல், அண்டை அயலார் பிரியாமல் குடியமர்த்துதல், வெளியேறும் நாளை எழுத்தில் உறுதிசெய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இடைக்கால வீட்டின் வடிவமைப்பு என்பது இதன் துணிபு.

1. நிலமும் நீரும்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட 29,000 கன அடி நீரே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலக்கும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராசபுரமும் மேற்குத் தாம்பரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அவற்றை மூழ்கடித்தது ஆதனூர், நந்திவரம் முதலான ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றின் தலைப்பகுதியில் திரண்ட நீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர் மீண்டும் நீரில் நின்றது. ஓர் ஏரியின் மதகோடு முடிந்துவிடும் சிக்கல் இல்லை இது. ஏரிகளுக்கு நடுவே ஊர் வளர்ந்த முறையே இடரை மறுபடியும் கொண்டுவரும்.

ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டிப் பொத்தேரி வருகிறது. ஏரியைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர். இன்று அது ரயில் நிலையமும் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமும் மாணவர் விடுதிகளும் 'டு-லெட்' பலகைகளும் நிறைந்த நெரிசலான இடம். அதற்கடுத்து மறைமலை நகரின் தொழிற்சாலைகள். வெள்ளம் கொள்ளும் முடிச்சூரும், வாடகை அறைகள் மலிந்த பொத்தேரியும், இரும்பை வெட்டி வளைக்கும் பட்டறைகள் உள்ள மறைமலை நகரும் ஒரே மின்சார ரயில் தடத்தை ஒட்டி அமைந்திருக்கின்றன. இடைக்கால வீட்டுக்கான திட்டம் இந்த அமைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2. யாருக்கு, எவ்வளவு காலம்?

இயான் டேவிஸ் 1978இல் வெளியிட்ட நூலில், பேரிடர்க்காலத் தங்குமிடத்தை ஒரு பொருளாகப் பார்க்காமல் ஒரு செயற்போக்காகப் பார்க்க வேண்டும் என்றார். சமூகவியலாளர் குவாரன்டெல்லி அதை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: உயிர் காக்க ஒதுங்கும் இடம், சில நாள் தங்கும் முகாம், அன்றாட வாழ்க்கையை மீண்டும் நடத்தும் தற்காலிக வீடு, நிரந்தர வீடு. நம் ஊரில் முதல் இரண்டும் ஒருவாறு நடந்துவிடுகின்றன. பள்ளிக்கூடமும் திருமண மண்டபமும் திறக்கின்றன, அண்டாவில் சோறு வேகிறது. பள்ளி மறுபடி திறக்கும் நாளில்தான் கேள்வி எழுகிறது. அதுவரை வகுப்பறையில் படுத்திருந்தவர்கள் எங்கே போவார்கள்?

சொந்த வீட்டின் தரைத்தளத்தில் நீர் புகுந்தவர்கள் நீர் வடிந்ததும் சேற்றை வாரிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆற்றோரக் குடிசைக்காரர்கள், ஒற்றை அறை வாடகைக்காரர்கள், கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் வாழும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகிய மூவகையினருக்குத் திரும்ப இடமில்லை. எனவே இடைக்கால வீடு வேண்டுவோர் தொகை, வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர் தொகையைவிட மிகச் சிறியது. அவர்களுக்கு வேண்டிய காலமோ மிக நீண்டது.

அந்தக் காலம் எவ்வளவு? இதே தென்புறநகரில், பெரும்பாக்கத்தில், முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் 1,152 வீடுகள் கட்டப்பட்டன. விரைவான கட்டுமானத்துக்கு எடுத்துக்காட்டாக நடுவணரசு மேற்கொண்ட 'கலங்கரை விளக்க' வீட்டுத் திட்டம் அது. 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டி 2022 மே மாதம் திறக்கப்பட்டது. நிலமும் நிதியும் கையில் இருந்தும் ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரையிலான அந்த இடைவெளியைத் தாங்குவதே இடைக்கால வீட்டின் வேலை.

3. தமிழகம் கண்ட தற்காலிகங்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையோரத்தில் எழுந்த கொட்டகைகள் பலவற்றின் சுவரும் கூரையும் தார் பூசிய தகடுகள். கோடையில் பகல் முழுவதும் அவற்றுக்குள் இருக்க முடியவில்லை, மழையில் ஒழுகின. வடசென்னையின் கார்கில் நகரில் அமைந்த தற்காலிகக் குடியிருப்பு, அடுத்த ஆண்டுப் பருவமழையிலேயே வெள்ளத்தில் நின்றது. கடலுக்குத் தப்பியவர்களை மழைநீர் தேங்கும் தாழ்நிலத்தில் குடிவைத்தோம். கூரை பழுதென்றால் மாற்றிவிடலாம். தவறான மனையை எதனால் மாற்றுவது?

2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்தது இதற்கு நேர்மாறு. அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருந்த பெரும்பாக்கம், எழில் நகர் அடுக்ககங்களுக்கு நேரே கொண்டுசெல்லப்பட்டன. இடைக்கால நிலையே இல்லை. நிர்வாகக் கணக்கில் இது மிக விரைவான மறுவாழ்வு. ஆனால் அது கல்வியாண்டின் நடுப்பகுதி. வீட்டுவேலையும் சிறுவணிகமும் நடந்த தெருக்கள் பல கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டன. எங்கே வாழ்வது என்ற வாழ்நாள் முடிவைப் பாய்கூட உலராத நாள்களில் எடுக்க வேண்டியதாயிற்று. போன இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்பகுதிதான்.

மூன்றாவது அனுபவம் இன்னும் கசப்பானது. 1983 முதல் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர்களுக்கு அமைத்த முகாம்களில், பத்துக்குப் பத்தடி அறைகளில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரும் அரசு அறிவிப்பு 2021இல்தான் வந்தது. 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு முடிவு நாள் குறிக்காவிட்டால் அது ஒரு முழு வாழ்நாளையும் விழுங்கிவிடும்.

இம்மூன்றும் சேர்ந்து ஓர் உண்மையைக் காட்டுகின்றன. மக்கள் தம் நிரந்தர முடிவை நிதானமாக எடுக்க இடமளிப்பதற்காகவே இடைக்கால வீடு விரைவாக எழ வேண்டும். விரைவு கூரைக்கு உரியது. ஊர் மாற்றத்துக்கு உரியதன்று.

4. மனைக் கணக்கு

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச நிவாரணத் தரங்களும் உலகளாவிய 'ஸ்பியர்' தரங்களும் ஒருவருக்குக் கூரையடியில் 3.5 சதுர மீட்டர் கேட்கின்றன. நால்வர் குடும்பத்துக்கு 14 சதுர மீட்டர், ஏறத்தாழ 150 சதுர அடி. பத்துக்குப் பத்தடி முகாம் அறை அதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

வழி, வடிகால், கழிப்பறை, பொது இடம் எல்லாம் சேர்த்து முகாம் நிலத்துக்கு 'ஸ்பியர்' சொல்லும் அளவு ஒருவருக்கு 45 சதுர மீட்டர். 500 குடும்பங்கள், அதாவது 2,000 பேர் என்று கொண்டால் 9 ஹெக்டேர், ஏறக்குறைய 22 ஏக்கர். தாம்பரத்துக்கும் பொத்தேரிக்கும் இடையே அவ்வளவு பெரிய மேட்டுநிலம் வெள்ள நாளில் சும்மா கிடைக்காது. கிடைப்பது ஏரிப் புறம்போக்கு அல்லது ஊருக்கு வெகுதொலைவு. கார்கில் நகரும் பெரும்பாக்கமும் திரும்பத் திரும்ப உருவாவதன் காரணம் இந்த எளிய பெருக்கல் கணக்குதான்.

இதற்கு மூன்று வழிகளை ஒருங்கே கையாளலாம்.

முதலாவது, இருக்கும் அறைகள். 2011 கிழக்கு ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே ஏறத்தாழ 53,000 தற்காலிக வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன. அதைவிட அதிகமாக, 60,000-க்கும் மேற்பட்ட தனியார் வாடகை வீடுகளை அரசு எடுத்து, அவற்றையும் தற்காலிக வீடுகளாகவே கருதியது. பொத்தேரி, காட்டாங்குளத்தூர் வட்டாரத்தின் வாடகைச் சந்தை இதற்கு ஏற்றது. மழைக்காலத்துக்கு முன்பே உரிமையாளர்களோடு வருவாய்த் துறை வாடகை, முன்பணம், கால அளவு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டால், ஒதுக்கீட்டு ஆணை ஒரே நாளில் கொடுக்கலாம்.

இரண்டாவது, சிதறிய சிறு மனைகள். பெரிய மனைப்பிரிவுகள் தம் நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பூங்காவாகவும் விளையாட்டுத் திடலாகவும் இருக்கும் அவற்றுள், 2015 வெள்ளக் குறியீட்டுக்கு மேலே நிற்பவற்றைத் தேர்ந்து, சில பகுதிகளில் மட்டும் மேடைத் தளமும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் மின்கம்பமும் தூண் பூட்ட நங்கூர ஆணிகளும் பதித்து வைக்கலாம். ஆண்டு முழுதும் அது திடல், வாரச் சந்தை, கூத்து மேடை. வெள்ளம் வந்தால் குடியிருப்பின் அடித்தளம். இதையே இக்கட்டுரை 'ஆயத்த மனை' என்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022இல் 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டதால், பழைய எல்லைக்கு வெளியே இருந்த பொத்தேரியும் பெருநகரப் பகுதிக்குள் வந்துவிட்டது. ஆயத்த மனைகளை நிலவரைபடத்திலேயே குறிக்க இதுவே தருணம்.

மூன்றாவது, மேல்நோக்கி அடுக்குதல். நியூயார்க் நகரம் 2014இல் புரூக்ளினில், மூன்று மாடி உயரத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கிய மாதிரிக் குடியிருப்பை நிறுவிப் பார்த்தது. குடியிருப்பாளர்களைத் தம் சுற்றுப்புறத்திலேயே வைத்திருப்பது அதன் நோக்கம். நமக்குத் தரையும் ஒரு மாடியும் போதும். மின்தூக்கி வேண்டாம், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் கீழ்த்தளத்தில் இருப்பார்கள்.

5. கூரை

தமிழ்நாட்டில் விரைந்து எழும் கட்டடத்துக்கு வெளிநாட்டு மாதிரி தேட வேண்டியதில்லை. கல்யாணமோ சாவோ திருவிழாவோ, பந்தல்காரர் ஓரிரவில் கூரை போட்டுவிடுகிறார். சவுக்குக் கம்பு, மூங்கில், கயிறு, கீற்று, தகரம் ஆகியவை எங்கே கிடைக்கும், எத்தனை ஆள் வேண்டும், எந்தக் கம்பு எந்தச் சுமை தாங்கும் என்ற அறிவு ஊருக்கு ஊர் உண்டு. நான்கு பேர் அரை நாளில் பூட்டக்கூடிய 17.5 சதுர மீட்டர் 'பெட்டர் ஷெல்டர்' என்னும் அவசரக்காலக் கூடத்தை உலகம் வியக்கிறது. பந்தல்காரரின் வேகம் அதற்குக் குறைந்ததன்று.

பந்தலுக்கு இல்லாதது காற்றைத் தாங்கும் உறுதி. இந்தியத் தர விதியின்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கி.மீ. வெள்ளமும் புயலும் ஒரே பருவத்தில் வருவதால், தரையில் புதைத்த கம்பு போதாது. ஆயத்த மனையின் நங்கூர ஆணிகள் இங்கே உதவுகின்றன. அவற்றில் பூட்டும் இரும்புச் சட்டகத்தை மறைமலை நகர்ப் பட்டறைகள் வெட்டித் தரலாம். சட்டகங்களைக் கிடங்கில் துருப்பிடிக்க விட வேண்டாம். வரைபடமும் முன்கூட்டிய விலை ஒப்பந்தமும் கையில் இருந்தால் போதும். சுவரையும் உட்தடுப்பையும் பந்தல்காரரும் குடியிருக்கப் போகிறவர்களும் சேர்ந்து அடைப்பார்கள்.

தார்த்தகடு கற்பித்த பாடங்களை வடிவமைப்பில் ஏற்ற வேண்டும். இடையே காற்று ஓடும் இரட்டைக் கூரை, வெளுத்த மேற்பரப்பு, பத்தடி உயரம், எதிரெதிர்ச் சாளரம், அடுப்புக்குத் தனி இடம், உள்ளேயே பூட்டிக்கொள்ளும் கழிப்பறை, வாசலில் திண்ணை. திண்ணையை வீண்செலவு என்று வெட்டிவிடக் கூடாது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துப் பேசும் இடம் அது ஒன்றே.

அண்டை உறவு உயிர் காக்கும் என்பதற்குக் கோபே நகரம் சான்று. 1995 நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே சில மாதங்களில் ஏறத்தாழ 48,300 தற்காலிக வீடுகள் எழுந்தன. முதியோருக்கு முன்னுரிமை தந்து குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் தெருக்கள் சிதறின. அறிந்த முகமில்லாத இடத்தில் முதியோர் பலர் யாரும் அறியாமல் தனியே இறந்து கிடந்தார்கள். எனவே ஒதுக்கீட்டின் அலகு குடும்பமாக இல்லாமல் தெருவாக இருக்க வேண்டும். முடிச்சூரின் ஒரு வரிசை வீடுகள் ஆயத்த மனையிலும் ஒரே வரிசையாக அமையட்டும்.

6. மறுப்புகள்

ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும் தளத்துக்கு ஏன் செலவு என்று கேட்கலாம். ஆயத்த மனை சும்மா கிடப்பதில்லை. திடலாகவும் சந்தையாகவும் அன்றாடம் பயன்படுகிறது. முகாமில் மக்கள் காத்திருக்கும் நாள்களில், அவசர விலைக்கு நிலம் நிரவிக் குழாய் பதிப்பது இதைவிடச் செலவானது.

வசதியான தற்காலிக வீடு கொடுத்தால் மக்கள் வெளியேற மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். பத்துக்குப் பத்தடி அறை எந்த வசதியும் இல்லாமலேதான் முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. மக்கள் தங்கிவிடுவதற்குக் காரணம் போக வேறிடம் இல்லாமையே. கோபேயிலும் இரண்டாண்டு என்று தொடங்கியது, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முடிந்தது. ஆகவே ஒதுக்கீட்டு ஆணையிலேயே 24 மாதக் கெடுவை எழுத வேண்டும். அந்தக் கெடு குடும்பத்தைக் கட்டுப்படுத்துவதாக இல்லாமல் அரசைக் கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டும். கெடுவுக்குள் நிரந்தர வீடு தராவிட்டால், அடுத்த மாதம் முதல் வாடகை உதவி தானாகவே தொடங்க வேண்டும்.

பட்டா இல்லாதவர்க்கும் வெளிமாநிலத்தவர்க்கும் எந்த அடிப்படையில் வீடு தருவது என்ற கேள்வி நிர்வாகத்தில் எப்போதும் எழும். இடைக்கால வீடு நில உரிமைக்கு ஈடாகத் தருவதன்று. இருந்த கூரை போனதற்கு ஈடாகத் தருவது. வெள்ளத்துக்கு முந்தைய நாள் அவ்விடத்தில் வாழ்ந்தார் என்பதே போதிய தகுதி. நீர் புகும்போது பட்டா கேட்டுப் புகுவதில்லை.

7. முடிவுரை

தமிழில் 'மனை' என்பது வெறும் நிலத்தையும் குறிக்கும், வீட்டையும் குறிக்கும், அதில் நடக்கும் இல்லற வாழ்வையும் குறிக்கும். பேரிடர்க்கால வடிவமைப்பு இந்த மூன்று பொருளையும் சேர்த்தே எண்ண வேண்டும். நிலத்தைக் கோடையில் ஆயத்தம் செய்வது, வீட்டை மழையில் விரைந்து எழுப்புவது, வாழ்வின் அடுத்த முடிவை அந்தக் குடும்பம் எடுக்கும்வரை காத்திருப்பது. இவற்றுள் நடுவில் உள்ளது மட்டுமே இன்று பொறியியல் போட்டிகளின் பொருளாக இருக்கிறது. பந்தல்காரரைக் கொண்ட நாட்டில் அதுவே மூன்றிலும் எளியது.

தாம்பரத்துக்கும் பொத்தேரிக்கும் இடையே வெள்ளக் குறியீட்டுக்கு மேலுள்ள திடல்களை எண்ணிப் பட்டியலிட ஒரு கோடைக்காலம் போதும். அடுத்த பெருமழையில் பள்ளி வகுப்பறையில் பாய் விரிக்கும் குடும்பத்துக்கு, அந்தத் தங்கல் பத்து நாளில் முடிந்து தன் தெருவோடு சேர்ந்து ஒரு கூரைக்குப் போகும் உறுதியை அந்தப் பட்டியலே தரும்.