துப்பாக்கியும் கமராவும்: திருகோணமலைப் பறவைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், அத்துறைமுகத்தைச் சூழ்ந்த காடுகளிலும் களப்புகளிலும் கடற்பாறைகளிலும் வாழும் பறவைகளை மனிதர் அறிந்துகொண்ட முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது துப்பாக்கியில் தொடங்கிக் கமராவை வந்தடைந்த வரலாறாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், சுட்டு வீழ்த்திப் பதனிட்ட பறவையின் தோலே அறிவியலுக்குரிய சான்றாகக் கொள்ளப்பட்டது. பிரித்தானியப் பீரங்கிப் படையின் அதிகாரியாக 1877 வரை இலங்கையில் பணியாற்றிய வில்லியம் வின்சென்ட் லெக், திருகோணமலைப் பகுதியிலும் பறவைகளை ஆராய்ந்தார். 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இவரது இலங்கைப் பறவைகளின் வரலாறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட பெருநூலாகும். அதற்குரிய வண்ண ஓவியங்களைக் கூலெமன்ஸ் என்னும் ஓவியர் வரைந்தார். லெக் துப்பாக்கியை நாடியமைக்காக அவரைக் குறைகூறுதல் பொருந்தாது. அக்கால ஒளிப்படக் கண்ணாடித் தகட்டை, அதன் மேற்பூச்சு உலருமுன்னரே ஒளியூட்டிக் கழுவியெடுத்தல் வேண்டும். ஒளியூட்டலுக்குச் சில விநாடிகளேனும் தேவைப்பட்டன. பறக்கும் உயிர் அத்துணை நேரம் அசையாதிருக்குமோ?

உலர்தகடுகள் பரவியபின் நிலைமை மாறிற்று. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேர்ட்டன், செரி கேர்ட்டன் ஆகிய சகோதரர் 1890களில் பறவைக் கூடுகளைப் படம்பிடித்தனர். உட்குடைந்த எருதின் உருவத்துள் மறைந்திருந்தும் பறவைகளை அணுகினர். துரத்துதலை விடுத்து மறைந்து காத்திருத்தலே இப்புதிய கலையின் அடிப்படையாயிற்று. தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலும் கட்டுரைகளாலும் இக்கலையை வளர்த்தார், இலங்கையில் டி. எஸ். யு. டி சில்வா இதன் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார்.

இம்மாற்றத்தைத் திருகோணமலையில் தெளிவாகக் காட்டும் இடம், நிலாவெளிக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிற் கடலில் அமைந்த புறாமலை. பாறைகளிற் கூடுகட்டும் காட்டுப் புறாக்களே அதற்குப் பெயர் தந்தன. கோபுரங்களிலும் வீட்டு மாடங்களிலும் மனிதரை அஞ்சாது வாழ்வதால் நாம் மாடப்புறா என வழங்கும் பறவையின் மூதாதை, உண்மையிற் பாறைக்குரியதே. நகரிற் காலடியில் இரைபொறுக்கும் அதே இனம், கடற்பாறையில் ஆளரவம் கேட்டதும் பறந்து மறைகிறது. குடியேற்ற ஆட்சிக்காலத்திற் சுடுபயிற்சிக் களமாகப் பயன்பட்ட இத்தீவு, 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. குண்டுகள் பாய்ந்த பாறைகளை நோக்கி இன்று கமராக்கள் திரும்புகின்றன.

ஆயினும், கருவி மாறியதனால் மட்டும் தீங்கு நீங்கிவிடாது. 2009இற் போர் முடிவுற்றபின் இக்கரையை நாடுவோர் பெருகினர். கூட்டை நெருங்கிப் படமெடுக்க முனையும்போது தாய்ப்பறவை அகன்றுவிடுகிறது. முட்டைகள் வெயிலுக்கும் காகங்களுக்கும் இரையாகின்றன. அவ்வேளை கமரா துப்பாக்கியின் தொழிலையே செய்கிறது. இறந்த பறவையைச் சான்றாகக் கொண்ட காலம் கழிந்துவிட்டது. படம் எடுக்கப்பட்ட பின்னரும் பறவை தன் கூட்டிலேயே இருக்குமாயின், அதுவே அப்படத்தின் நேர்மைக்குச் சான்றாகும்.