பல்ஸ் ஆக்சிமீட்டர்: மின்சுற்றும் சமிக்ஞைச் செயலாக்கமும்

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு ஒளிகளின் விகிதத்தை அளந்து இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கணிக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974-இல் முன்வைத்த வழி இது. 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி.கள் மாறிமாறி எரியும்; இரண்டும் அணைந்த இடைவெளியில் அறை வெளிச்சம் அளக்கப்பட்டுக் கழிக்கப்படும். விரலைக் கடந்து வரும் ஒளியை வாங்கும் போட்டோடயோடின் மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்கும் பெருக்கிதான் சுற்றின் உயிர். நாடியோடு ஏறி இறங்கும் பகுதி பெரும்பாலும் 1, 2 சதவீதமே. மீதியெல்லாம் தோலும் எலும்பும் கடந்து வரும் மாறா ஒளி. மாறுவதை மாறாததால் வகுத்து, இரு நிறங்களின் ஈவுகளையும் மீண்டும் வகுத்தால் கிடைப்பது 'ஆர்' விகிதம். அது 1 என்றால் செறிவு ஏறக்குறைய 85 சதவீதம்.

இந்த 85 வெறும் கோட்பாட்டிலிருந்து வந்ததன்று. திசுவில் ஒளி சிதறுவதால், ஒளி உறிஞ்சப்படுவதைக் கணக்கிடும் பீர்–லாம்பர்ட் விதி அப்படியே பொருந்தாது. தன்னார்வலர்களின் ஆக்சிஜனைச் சுமார் 70 சதவீதம் வரை இறக்கி, தமனி இரத்தத்தோடு ஒப்பிட்டுத் தயாரித்த அட்டவணையே கருவியின் நினைவகத்தில் இருக்கிறது. எனவே சுற்று எவ்வளவு நேர்த்தியானாலும் துல்லியத்துக்கு எல்லை கட்டுவது அந்த அட்டவணைதான். வகுத்தலே தோல் நிறத்தின் விளைவை நீக்கிவிடுமே என்பார்கள். ஒற்றை அலைநீளத்துக்கு அது பெரும்பாலும் சரி, எல்.இ.டி. ஒளியோ ஒரு பட்டையாகப் பரவுவது, தோல் நிறமியான மெலனின் அதைச் சீராக உறிஞ்சுவதில்லை. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் உண்மைச் செறிவு 88-க்குக் கீழிருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு காணப்பட்டது. கையசைவின் இரைச்சலைத் தகவமைப்பு வடிகட்டிகள் ஓரளவு நீக்கும். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையோ இரு நிறக் கருவியால் பிரித்தறியவே முடியாது.